சாந்தா ரூபினாவில் முடிய மறுத்த விடுமுறை

சத்தியம்! பனிமய மாதா மேல் சத்தியம், அவள் தங்கத் தேர் மேல் சத்தியம், கடலுக்குப் போய்த் திரும்பாத என் மூன்று மாமன்மார் மேலும் திரும்பி வந்த ஒரே மாமனின் மரக்கால் மேலும் சத்தியம், நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாய் சுறாவுக்கு இருப்பதுபோல் தாடைக்கு அடியில் போய்ச் சேரட்டும். என்ன, இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? அப்போ கேளுங்கள்.

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே, துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரிச் சிவப்பாக ஓடும் ஓர் ஆறு கடலோடு சேரும் இடத்தில், சாந்தா ரூபினா என்று ஓர் ஊர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்துதான் மூன்று கப்பல்கள் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டுப் போய் வேறெங்கோ முட்டி நின்றன. அப்படி முட்டிய நாள் அக்டோபர் பன்னிரண்டு. அந்தத் தேசம் முழுக்க அன்றைக்கு விடுமுறை. தலைநகரத்தில் ராணுவம் அணிவகுக்கும், விமானங்கள் வானத்தில் கொடியின் நிறத்தில் புகைவிட்டுப் போகும், மற்ற ஊர்களில் ஜனங்கள் டிவியில் அதைப் பார்த்துவிட்டு மதியம் தூங்குவார்கள். சாந்தா ரூபினா மட்டும் தூங்காது. கப்பல் கொடுத்த பெருமை பக்கத்து ஊருக்கு, அந்தக் கப்பல்களின் தலைவனைக் கொடுத்த பெருமை யாருக்கென்று இன்னும் சண்டை. ஆனால் பாய்மரத்தின் உச்சியிலிருந்து முதன்முதலில் கரையைக் கண்டு கத்தினானே ஒரு மாலுமி, ரோட்ரிகோ, அவன் எங்கள் ஊர்க்காரன் என்று இவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவனைத் தங்கள் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் குறைந்தது இன்னும் மூன்று இருக்கும், அதை இங்கே உரக்கச் சொல்லக்கூடாது.

கத்தியவனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. முந்தின ராத்திரியே ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துவிட்டேன், ஆகவே முதலில் கண்டது நான்தான் என்று தலைவன் சொல்லிப் பரிசைத் தானே வாங்கிக்கொண்டான். அந்த வயிற்றெரிச்சல் ஐந்நூறு வருஷமாகியும் இந்த ஊரில் அடங்கவில்லை. அதனால்தான் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் சிமெண்டால் ஒரு கப்பலைக் கட்டி, பிறந்ததிலிருந்து தண்ணீரையே தொடாத அந்தக் கப்பலில் வருஷாவருஷம் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கூத்து நடத்துகிறார்கள். மேயர் வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு தலைவனாக நின்று பயணப் புத்தகத்தை வாசிப்பார். சிவப்புத் தொப்பி வைத்த ஒருவன் பாய்மரத்தில் ஏறி உச்சிக் கூடையில் நிற்பான். பதினைந்தாம் பக்கத்தில் மேயர் கையைத் தூக்குவார், மேலே நிற்பவன் “கரை!” என்று கத்துவான். உடனே மேயர் நெஞ்சைத் தட்டி “நான்தான் முதலில் கண்டேன்!” என்பார், ஊர் முழுக்க ஊளையிட்டு அவர் மேல் வறுத்த கஷ்கொட்டையின் தோலை வீசும். அவ்வளவுதான் விழா. கத்தும்வரை மேயர் வாசிப்பை நிறுத்தக்கூடாது, கத்தும்வரை மேலே போனவன் இறங்கக்கூடாது. இந்த இரண்டும்தான் சட்டம்.

ஆறு வருஷமாக மேலே ஏறியவன் நான்.

தூத்துக்குடியில் பிறந்து சரக்குக் கப்பல்களில் நாற்பது வருஷம் ஓடி, செரங்காக, அதாவது மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவனாக இருந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்றால், என் கடைசிக் கப்பலை அதன் முதலாளி இந்தத் துறையில் அநாதையாக விட்டுவிட்டு ஓடிப்போனான். மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். நான் கப்பலுக்குக் காவலிருந்தேன், கப்பலை இரும்புக்கு அறுத்துக்கொண்டு போன பிறகு கப்பல் இருந்த இடத்துக்குக் காவலிருந்தேன், அப்படியே பதினோரு வருஷம். சதுக்கத்தில் மதுக்கடை வைத்திருக்கும் பாஸ்தோரா என்ற கைம்பெண்தான் மாடி அறையைக் கொடுத்து, என் மீன்குழம்புக்காக என் வாயைப் பொறுத்துக்கொண்டவள். என் பாஸ்போர்ட்டை முதன்முதலில் புரட்டிப் பார்த்தவளும் அவள்தான். குடும்பப் பெயர் ரோட்ரிகோ என்றிருந்ததைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடிக் கூப்பாடு போட்டாள். எங்கள் கடற்கரையில் பாதிப்பேருக்கு அந்த மாதிரிப் பெயர்தான், எங்கள் பாட்டன்மார் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்த்துக்கீசியர் வைத்துவிட்டுப் போனது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தலைவன் கடைசிவரைக்கும் இந்தியாவைப் பார்க்கவில்லை, எங்கள் மாலுமியோ போய்ச் சேர்ந்து பிள்ளைகுட்டி பெற்றிருக்கிறான், இதோ அத்தாட்சி என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் ஏற்றிவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே நம்பிவிட்டேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் அரசாங்கத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கும் அனுமதி அக்டோபர் பன்னிரண்டோடு முடிகிறது, பதின்மூன்றாம் தேதி காலை இரண்டு போலீசார் வந்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டிலேயே ஏன் வரவில்லை என்றால், அன்று பிலார் மாதாவின் திருநாள், அவள்தான் அந்தப் போலீசாருக்குப் பாதுகாவலி, அவர்களுக்கும் விருந்து. கடிதத்தை பாஸ்தோரா மூன்று தரம் வாசித்தாள், நாலாவது தரம் அதில் மத்தி மீன் பொதிந்தாள்.

“ஊருக்குத்தானவே போறீர்? தூக்குமேடைக்கா?” என்றாள். அவள் பேசியது என்னவோ ஸ்பானிய மொழிதான். ஆனால் இந்த ஊரில் யார் என்ன பேசினாலும் என் காதில் அது தூத்துக்குடிப் பேச்சாகத்தான் விழும், விழுந்தபடியே தருகிறேன்.

“ஊருல எனக்கு இருக்கது ஒரு தங்கச்சி, ஒரு கல்லறை இடம்.”

“இங்க?”

“இங்க உன் அடுப்பு இருக்கு.”

“அடுப்பா!” என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பாத்திரங்களை உடைக்கிற மாதிரிக் கழுவினாள்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஏறினேன். கீழே பாண்டு வாத்தியம், கஷ்கொட்டைப் புகை, போலித் தாடியைச் சொறிந்துகொண்டு மேயர் டான் எவாரிஸ்தோ, ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவர் மகள் பிலார், மறுநாள் பிரசவம் என்று தேதி குறிக்கப்பட்டவள். டான் எவாரிஸ்தோ பதினைந்தாம் பக்கத்துக்கு வந்து கையைத் தூக்கினார். நான் பார்த்தேன். கரை இல்லை. சதுக்கம் இல்லை, கோயில் கோபுரம் இல்லை, பாஸ்தோராவின் கடைப் பலகை இல்லை. நாலு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் தண்ணீர், சாயங்கால வெயிலில் மீன் செதில் மாதிரி மினுங்கிக்கொண்டு. ஜனங்களின் சத்தம் மட்டும் அந்தத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

“கத்தும்வே!” என்றார் டான் எவாரிஸ்தோ.

“கரை தெரியலியே ஐயா!”

“தெரியலன்னா என்ன? சும்மா கத்தும்!”

நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். முத்துக் குளித்த வம்சம் ஐயா நாங்கள். கீழே சிப்பி இல்லையென்றால் இல்லை என்றுதான் மேலே வந்து சொல்வோம். கடிதத்துக்குப் பயந்துதான் கத்தவில்லை என்று பிற்பாடு சில பேர் சொன்னார்கள். அவர்கள் என் கண்ணால் பார்த்தார்களா?

ஆக நான் கத்தவில்லை, கத்தாததால் விழா முடியவில்லை, விழா முடியாததால் நாளும் முடியவில்லை. சூரியன் ஆற்றுக்கு மேலே இரண்டு முழ உயரத்தில், அவிழ்க்க ஆளில்லாத படகு மாதிரி நின்றுகொண்டது. ஆறு மணி ஆகவில்லை. ஏழு ஆகவில்லை. கோயில் மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, இது சாப்பிடப் போகிற நேரம் என்று போய்விட்டார்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இந்தத் தேசத்தில் விடுமுறை நீள்வது புதிதல்ல. வியாழன் விடுமுறையென்றால் வெள்ளியையும் சேர்த்துப் பாலம் போட்டுக்கொள்வார்கள், இது கொஞ்சம் நீளமான பாலம் என்று நினைத்தார்கள். ரொட்டிக்கடையை விடுமுறையிலும் திறக்கலாம் என்பதால் ரொட்டி சுடுகிறவர் அலுப்பு வரும்போது தூங்கி, விழிப்பு வரும்போது சுட்டார்; அவர் ஒரு தரம் ரொட்டி சுட்டால் ஒரு சூடு என்று ஊர் நேரத்தை எண்ணத் தொடங்கியது. மூன்றாம் சூட்டில் வங்கிக்காரர்கள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்தார்கள். ஐந்தாம் சூட்டில் மருந்துக்கடைக்காரர் அழ ஆரம்பித்தார். விடுமுறை நாளில் ஊருக்கு ஒரு மருந்துக்கடைதான் முறை வைத்துத் திறந்திருக்கும், அன்றைய முறை அவருடையது. எட்டாம் சூட்டில் பிலார்கள் கதவைச் சாத்தினார்கள். அன்று பிலார் மாதா திருநாள் ஆகையால் பிலார் என்ற பெயருடைய ஒவ்வொருத்தியும் வாழ்த்த வருபவர்களுக்கு இனிப்பு கொடுக்கவேண்டும். ஊரில் பத்தொன்பது பிலார்கள், திருநாளோ முடியவில்லை, ஜனங்களோ தூங்கி எழுந்து மறுபடியும் வாழ்த்த வந்தார்கள். டிவியில் ராணுவம் போய்க்கொண்டே இருந்தது. அதே குதிரை அதே இடத்தில் நாற்பது தரம் சாணி போட்டதை ஊரே எண்ணிச் சொல்லும்.

பாஸ்தோரா கயிற்றில் வாளி கட்டி எனக்குச் சாப்பாடு அனுப்பினாள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தீர் என்று கேட்காதீர்கள். இரண்டு வாளி இருந்தது, நல்ல குடும்பத்தார் ஒன்றைப் பற்றி மட்டும்தான் விசாரிப்பார்கள். வாளியோடு அவள் குரலும் வரும்.

“வே, கெழவா. கரை தெரியுதா?”

“இல்ல.”

“நல்லது. நல்லாப் பாரும். அவசரப்படாதேயும்.”

அவள் போனும் ஒருதரம் வாளியில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து தங்கச்சி ஜெசிந்தா. “என்னண்ணே, பதின்மூணாந்தேதி வாரேன்னியே! இங்க கல்லறைத் திருநாளே முடிஞ்சிட்டு. கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட மூங்கில் வாங்கப் போறோம்.”

“இங்க இன்னும் பன்னெண்டுதாம்மா.”

“குடிச்சிருக்கியா?”

“இல்லம்மா, லீவு.”

ஆனால் முடியாத விடுமுறை என்பது முதுகில் எட்டாத இடத்து அரிப்பு. பதினைந்தாம் சூட்டுக்கு மேல் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூக்கம் வராமல் ஜனங்கள் சதுக்கத்தைச் சுற்றினார்கள், சுற்றுகிறவர்களைப் பார்த்து நாய்கள் சுற்றின. சீட்டாட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரிகள் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள், பிறகு சுவர்ப் பக்கம், பிறகு தெருவில். எல்லார் காலும் எங்கேயோ போகத் துடித்தது, போக இடம்தான் இல்லை. கடலில் முப்பது நாள் கரை காணாத கப்பலில் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதே வியாதி சிமெண்ட்டுக் கப்பலைச் சுற்றி நின்ற ஊருக்கு வந்தது.

டான் எவாரிஸ்தோ வாசித்துக்கொண்டே இருந்தார். மற்ற வருஷங்களில் பதினைந்து பக்கத்துக்கு மேல் அந்தப் புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒட்டியிருந்த தாள்களை அவர் பல் பிடுங்கும் பொறுமையோடு பிரித்தார். முதல் பயணத்தில் கிறிஸ்மஸ் அன்று பெரிய கப்பல் மணலில் ஏறி உடைந்தது வந்தது. பதினேழு கப்பலோடு போன இரண்டாம் பயணம் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் அவர் குரல் இறங்கியது. அந்தத் தீவுகளின் மனிதர்களில் ஐந்நூறுக்கு மேல் பிடித்துக் கப்பலேற்றி இந்தக் கரைக்கு விற்க அனுப்பினார்கள், வழியிலேயே இருநூறு பேர் செத்தார்கள், கடலில் போட்டார்கள். பாண்டுக்காரன் தாரையை வாயிலிருந்து எடுத்தான். கஷ்கொட்டை விற்பவள், “இது எப்பவும் இதுல இருந்ததா, இப்ப சேத்ததா?” என்று கேட்டாள். டான் எவாரிஸ்தோ தாளைத் தடவிப் பார்த்து, “அச்சு பழசுதான்” என்றார். பிறகு தலைவனே கையில் விலங்கோடு திரும்பிய மூன்றாம் பயணம், கப்பல் புழு அரித்து ஒரு தீவில் ஒரு வருஷம் தவம் கிடந்த நாலாம் பயணம். முடிந்ததும் சட்டப்படி முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். ஆனால் இப்போது யாரும் மேலே பார்த்து “கத்து” என்று சொல்லவில்லை.

அந்த முதல் ரோட்ரிகோ நல்ல கண்ணுள்ளவன், கண்டதைச் சொன்னான். ஒரே ஒரு சொல்! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேயர் வாசித்த அத்தனையும் கரையேறியது. இனி கரை தெரிந்தாலும் கத்தலாமா என்று கூடையைப் பிடித்தபடி யோசித்தேன். சும்மா இருப்பதில் எனக்கு லாபமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. பதின்மூன்று வராதவரை பாஸ்தோராவின் வாளி வரும்.

முப்பத்தேழாம் சூட்டில் பிலார் வந்தாள். மேயரின் மகள். குழந்தை பதின்மூன்றாம் தேதிக்குச் சொல்லி வைத்தது, நாள் வராமல் வெளியே வர மறுத்தது. முப்பத்தேழு சூட்டுக் காலம் அதிகமாகச் சுமந்து அவள் வயிறு வீட்டு வாசலில் நுழையாத அளவுக்கு வளர்ந்திருந்தது. நாலு பேர் பிடித்துக் கப்பல் தட்டில் ஏற்றினார்கள், பாய்மரத்தின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

“ரோட்ரிகோ மாமா,” என்று தண்ணீருக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. “நான் உங்களக் கெஞ்ச வரல. ரெண்டு சூட்டுக் காலமா இது உதைக்கல. அதான் சொல்ல வந்தேன்.”

டான் எவாரிஸ்தோ சட்டத்தை மறந்து வாசிப்பை நிறுத்தினார்.

“கத்தினா என்னென்ன வரும்னு அப்பா வாசிச்சாரு, கேட்டேன்,” என்றாள் பிலார். “இந்தத் தடவ கரையில நிக்கப் போறது என் புள்ளதான். யாரும் எறங்கி ஒண்ணும் பண்ணீற முடியாது. அது வரணும்னா யாராவது கூப்பிடணும்.”

“பாஸ்தோரா!” என்று கத்தினேன். “நீ என்ன சொல்லுத?”

வாளிக் கயிறு ஆடியது. “என் மூஞ்சிய ஏன் பாக்கீரு?” என்றாள். “கீழ பாரும்வே.”

பார்த்தேன். மாதா சாட்சியாகச் சொல்கிறேன், அந்தத் தண்ணீருக்கு நடுவே, பாய்மரத்தின் அடியில், மீன்பிடித்துத் திரும்பும்போது விடிகாலையில் எங்கள் தூத்துக்குடிக் கடலில் முயல் தீவு தெரியுமே, அதேபோல ஒரு மேடு. உருண்டையாக, வெயில் பட்டு, மேலே ஒரு சின்னப் பூப்போட்ட துணி காற்றில் அசைய. ஒரு தரம், உள்ளேயிருந்து யாரோ முழங்காலால் இடித்ததுபோல, அந்தத் தீவு அசைந்தது.

“கர!” என்று கத்தினேன். ஸ்பானிய மொழியெல்லாம் மறந்துபோய்விட்டது. “கர தெரியுதுடே! கர!”

சூரியன் தொப்பென்று விழுந்தது. முப்பத்தேழு சூட்டு நேரம் தேங்கி நின்ற இருட்டு ஒரேயடியாக வந்தது, ஊர் நின்ற நின்ற இடத்தில் படுத்துத் தூங்கியது. டான் எவாரிஸ்தோ நெஞ்சைத் தட்டிச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பதின்மூன்றாம் தேதி காலை பெண் குழந்தை பிறந்தது. பேர் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், பிலார் மட்டும் வேண்டாம் என்று தாய் சொன்னாளாம். ஒன்பது மணிக்கு இரண்டு போலீசார் வந்தார்கள். முப்பத்தேழு சூட்டு விருந்து அவர்கள் கண்ணிலும் பித்தான்களிலும் தெரிந்தது. நான் சின்னப் பெட்டியோடு சதுக்கத்தில் நின்றிருந்தேன், தாடி இடுப்புவரை. என் சிவப்புத் தொப்பியை பாஸ்தோரா காலையிலேயே துவைக்கவேண்டும் என்று பிடுங்கிப் போயிருந்தாள்.

“ரோட்ரிகோ என்கிற இந்தியர் யாரு? மரத்துல ஏறிக் கரையைப் பாத்துக் கத்தினவரு?”

நான் வாயைத் திறக்குமுன் வெல்வெட் அங்கியோடு டான் எவாரிஸ்தோ முன்னால் வந்தார். ராத்திரி சொல்ல மறந்த வழக்கமான சொல் நினைவு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். தலையில் பார்த்தால் என் சிவப்புத் தொப்பி! நெஞ்சைத் தட்டினார்.

“நான்தான் முதலில் கண்டேன்.”

“பொய்!” என்று பாஸ்தோரா பாய்ந்து தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “இவருக்குக் கிட்டப்பார்வை. நான்தான் கண்டேன். ரோட்ரிகோ நான்தான்.”

“நீயா? நானு!” என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு ரொட்டி சுடுகிறவர், பிறகு பாண்டுக்காரன், கஷ்கொட்டை விற்பவள், வங்கிக்காரர்கள், பதினெட்டுப் பிலார்கள். தொப்பி தலைக்குத் தலை பறந்தது, நான்தான் முதலில் கண்டேன் நான்தான் முதலில் கண்டேன் என்று சதுக்கமே கத்தியது. கடைசியில் அந்தத் தொப்பி என் தலையிலும் வந்து விழுந்தது. வழக்கத்தை விடக்கூடாதே என்று “நான்தான்!” என்று நானும் கத்தினேன், அடுத்த ஆள் பிடுங்கிக்கொண்டு போனான்.

மூத்த போலீஸ்காரர் கண்ணைக் கசக்கினார். “இதுல யாருய்யா இந்தியர்?”

“எல்லாரும்,” என்றாள் பாஸ்தோரா.

அவர் கொட்டாவி விட்டார், தாளில் எழுதினார்: அப்படி ஒருவர் இல்லை, கடல்வழியே போய்விட்டார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியரே அல்லாத ஜனங்களையெல்லாம் இந்தியர் என்று எழுதிவைத்த தேசம். இந்தத் தரம் எதிரே நின்ற ஒரே இந்தியனை இல்லை என்று எழுதிவிட்டுப் போனது. பிறத்தியான் பார்த்ததை நான் பார்த்தேன் என்று சொல்லித் திருடியதால் ஒருவனுக்கு நன்மை விளைந்தது சாந்தா ரூபினாவில் அதுதான் முதல் தடவை.

ஆகவே அந்தத் தாளின்படி நான் இங்கே இல்லை. இப்போது நீங்கள் சாப்பிட்ட மீன்குழம்பையும் நான் வைக்கவில்லை, உள்ளே தட்டு கழுவிக்கொண்டே, “இன்னும் முடியலியாவே உம்ம கதை?” என்று கேட்கிறாளே, அவள் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் வெளியே போனதும் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மாதா மேல் ஆணையாக ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். வற்புறுத்திக் கேட்டால் நெஞ்சைத் தட்டி, நான்தான் முதலில் கண்டேன் என்று சொல்லிவிடுங்கள்.